இரண்டாம் முறை கேட்கிறேன்

வீட்டிலிருந்து,
ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் தம்பியும் காய்ச்சல் தலைவலி என்று எதுவும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உள்ளே இருக்கிற குட்டி ஆளும் அதே மாதிரி இருக்க வேண்டும், காலையில் கண் விழித்ததும் முதலில் நினைப்பது அதைத்தான். கடிதத்தைப் பார்த்ததும் பதறிவிடாதே, கெட்ட செய்தி ஒன்றும் இல்லை. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று தம்பி கேலி செய்தான், ஸ்டாம்பு எங்கே விற்கிறார்கள் என்று அவனுக்கே தெரியவில்லை, இரண்டு கடை ஏறி இறங்கி வாங்கி வந்தான். போனில் பேசினால் என் குரல் உனக்குக் கேட்கும், அந்தக் குரல்தான் உனக்கு ஆகவில்லை என்று தெரிந்துபோயிற்று, அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்துக்குக் குரல் கிடையாது. எந்த அம்மாவின் குரலில் படிக்க உனக்குத் தோன்றுகிறதோ அந்தக் குரலில் படித்துக்கொள்.

நீ சொல்லி அனுப்பியது வந்து சேர்ந்தது. பிரசவத்துக்கு நான் வரட்டுமா என்று தம்பியை விட்டுக் கேட்கச் சொன்னேன் இல்லையா, அதற்கு நீ, அம்மா வர வேண்டாம், நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்வோம், அம்மாவுக்கு வீண் அலைச்சல் என்று சொன்னாயாம். அவன் அதைத் தன் டூல்ஸ் பெட்டிக்குள் தலையை விட்டு எதையோ தேடுகிற சாக்கில் சொன்னான். நான் சரி என்று சொல்லிவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவன் தலையை வெளியே எடுத்து, சரியா, அவ்வளவுதானா என்று கேட்டான். சரிக்கு மேல் என்ன சொல்வது. ஆனால் அன்றிலிருந்து உன்னுடைய அந்த வேண்டாம் என்னுடன் பஸ் ஏறி வேலைக்கு வருகிறது, என்னுடனேயே திரும்பி வருகிறது. அது எந்த மாதிரி வேண்டாம் என்று எனக்குப் பிடிபடவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவும் எழுதப் போகிறேன், சுற்றி வளைத்தால் பொறுத்துக்கொள், சுற்றி வளைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும்.

முதலில் வீட்டு விஷயம். மேல்வீட்டுக்காரர் குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகி நம் சமையலறைச் சுவரில் ஈரம் இறங்கிவிட்டது. அவர் நேரில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார், அப்புறம் கதவில் சீட்டு ஒட்டுவார், அது நீ இருக்கும்போதே இருந்த கூத்துதான். வாய் இருக்கிற மனுஷன் எதற்குச் சீட்டு ஒட்டுகிறார் என்று ஒரு தடவை படியேறிப் போய்க் கேட்டே விட்டேன், பாவம், வியர்த்து விறுவிறுத்து நின்றார். இப்போது நானும் சீட்டு ஒட்டுகிறேன். சுவரில் ஈரம் இறங்குகிறது, தயவு செய்து பார்க்கவும் என்று எழுதி அவர் கதவில் ஒட்டினேன், மறுநாளே பிளம்பர் வந்துவிட்டார், மாலையில் நம் கதவில் சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று ஒரு சீட்டு, அதில் பூ மாதிரி ஏதோ ஒரு படம் வேறு வரைந்திருந்தார். இரண்டு தேசங்கள் தூது அனுப்பிக்கொள்கிற மாதிரி இருக்கிறது என்று உன் தம்பி சிரித்தான். சிரிக்கட்டும், சுவர் காய்ந்துவிட்டது.

தம்பி கொஞ்சம் இளைத்திருக்கிறான். வெயில் ஏறிவிட்டதால் ஏசி ரிப்பேருக்கு ஓயாமல் கூப்பிடுகிறார்கள், மொட்டை மாடிகளிலேயே காய்ந்துகொண்டிருக்கிறான். அவனிடம் எதையும் முகத்தைப் பார்த்துக் கேட்டால் ஜோக்குதான் வரும். முதுகைப் பார்த்துக் கேட்டால் பதில் வரும், இதை நான் கண்டுபிடித்தது இந்த வருஷத்தில்தான். போன வாரம் நம் வீட்டு ஏசியைக் கழற்றிப் போட்டுத் தூசு தட்டிக்கொண்டிருந்தான், நான் பின்னால் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன், ஏன்டா வேலை முடிந்து வர இவ்வளவு நேரமாகிறது என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அப்பாவின் கடை இருக்கிற ரோட்டில் வண்டியைத் திருப்ப முடியவில்லை, அந்தப் பக்கமே போகாமல் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறேன் என்று ஏசியைப் பார்த்துச் சொன்னான். சரி, சுற்றியே வா, அவசரம் ஒன்றும் இல்லை என்றேன். அவன் முடிக்கும் வரை டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உனக்கும் அவன் போனில் ஜோக் மட்டும்தான் சொல்வான், அதை வைத்து அவன் நன்றாக இருக்கிறான் என்று நினைத்துக்கொள்ளாதே.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன். சமையலில் உப்பு இருக்கிறதா என்று மட்டும் எனக்குத் தெரிவதில்லை, தம்பி முகம் சுளித்தால்தான் தெரிகிறது. அப்பா கண்ணாடி துடைக்கிற குட்டித் துணிகள் இன்னும் வீடெங்கும் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன, சட்டைப் பையில், டிவிக்குப் பின்னால், தலையணை உறைக்குள் கூட. கிடைத்தால் எடுத்து மடித்து வைக்கிறேன், மடிக்கும்போது ஒன்றும் ஆவதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, தொட்டால் தொடுகிறோம் என்று தெரியும், ஆனால் அது யாருடைய கன்னமோ போல இருக்கும், அந்த மாதிரிதான் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பார்க்கிறவர்கள் நான் திடமாக இருக்கிறேன் என்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

உன் அப்பாவை யோசித்துப் பார்த்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. நாள் முழுவதும் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா என்று ஊரையே கேட்கிற மனுஷர், வீட்டில் ஒரு விஷயத்தையும் தெளிவாகச் சொன்னது கிடையாது. டீ வேண்டும் என்றால் வெளியில் காற்று ஒரு மாதிரி வீசுகிறது என்பார். உன்னை நினைத்துக்கொண்டால் அங்கே இப்போது மணி என்ன இருக்கும் என்று கேட்பார், சுவரில் உன் ஊர் நேரத்துக்கு ஒரு கடிகாரம் மாட்டியிருக்கும்போதே கேட்பார். நீ வெளிநாடு போகிறேன் என்று வந்து நின்றபோது, போகலாம், போகாமலும் இருக்கலாம் என்று சொன்னாரே, நீ பாத்ரூமுக்குள் போய் அழுதாயே, நான்தான் வந்து கதவைத் தட்டி, போகச் சொல்கிறார் என்று உனக்குச் சொன்னேன். அது எப்படித் தெரியும் என்று கேட்டாய். போகாமலும் இருக்கலாம் என்பதைச் சொல்லும்போது அவர் உன் பழைய சூட்கேஸின் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அது பிறவியிலேயே தெரிந்ததில்லை. கல்யாணமான புதிதில் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்பேன், வேண்டாம் என்பார், நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். வேண்டாம் என்றால் வேண்டாம், அதில் என்ன இருக்கிறது என்பது என் கணக்கு. மனுஷர் பாதி வயிற்றோடு எழுந்து போய் கடைக்குப் பக்கத்தில் பிஸ்கட் வாங்கித் தின்றுகொண்டிருந்திருக்கிறார், சட்டைப் பை நிறைய பிஸ்கட் தூள் வருகிறதே என்று துவைக்கும்போது கேட்டதில்தான் தெரிந்தது. அவர் வளர்ந்த வீட்டில் முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது தடவை கேட்டால்தான் நிஜமான பதில் வரும். அன்றிலிருந்து நான் இரண்டு தடவை கேட்கப் பழகினேன். அவரும் ஒன்று பழகிக்கொண்டார், நான் வேண்டாம் என்றால் அது அங்கேயே முடிந்தது என்பதை. பிறந்த நாளுக்குப் புடவை வேண்டாம் என்று சொல்லியும் ஒரு தடவை வாங்கி வந்தார், அவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கடையில் திருப்பிக் கொடுத்தேன், வழி நெடுக அவர் வெயிலைப் பற்றியே பேசினார். இப்படியாக ஒருவர் பாஷையை ஒருவர் படித்துக்கொண்டோம். சண்டை வராமல் இல்லை, ஆனால் யார் என்ன சொல்கிறோம் என்று தெரிந்துதான் சண்டை போட்டோம்.

நீதான் எனக்கு வம்பு. இரண்டு பேரிடமிருந்தும் எடுத்துக்கொண்டு பிறந்திருக்கிறாய். ஆபீஸில் உன்னை வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள் என்பார்களாம், மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். அதே நீதான் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்து வந்து ஒண்ணுமில்ல என்று சொல்லிவிட்டு இடது கையால் சாப்பிட்டாய், அப்பா மட்டும்தான் உன் தட்டைப் பார்த்துவிட்டு எழுந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சட்டை மாட்டினார். அதனால் உன் வேண்டாம் என்னுடைய வேண்டாமா, அவருடைய வேண்டாமா என்பதை இவ்வளவு தூரத்திலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடித்துச் சொல்கிறவர் இப்போது இல்லை.

வேலையில் எனக்கு இந்தக் குழப்பம் கிடையாது. ஆம்புலன்ஸுக்குக் கூப்பிடுகிறவர்கள் யாராக இருந்தாலும் இரண்டு வார்த்தையில் ஆளைப் பிடித்துவிடுவேன். கத்துகிறவரிடம் நாமும் குரலை உயர்த்தினால் போச்சு, குரலைத் தாழ்த்திக்கொண்டே போக வேண்டும், கேட்பதற்காகவாவது அவர் கத்துவதை நிறுத்துவார். காலையில் எழுந்ததிலிருந்து கதை சொல்கிறவரை வெட்டக் கூடாது, வெட்டினால் மறுபடி எழுந்ததிலிருந்து ஆரம்பிப்பார். தொந்தரவு கொடுக்கிறேன், மன்னிக்கணும் என்று பவ்யமாக ஆரம்பிக்கிறவர்தான் எங்களைப் பயமுறுத்துகிறவர், பெரும்பாலும் அங்கேதான் நிலைமை மோசமாக இருக்கும். ஆள் எப்படி இருந்தாலும் ஒன்று மட்டும் மாறாது, விலாசத்தையும் செய்ய வேண்டியதையும் நாங்கள் சொல்லிவிட்டு அவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்வோம். பதற்றத்தில் காது கேட்கும், மண்டைக்குள் போகாது, தன் வாயால் சொன்னால்தான் உள்ளே போகும். இத்தனை வருஷமாக முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் இப்படி வளைந்து கொடுத்தவள்தான் நான்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நாம் இரண்டு பேரும் பேசவே இல்லை. அப்பா கடையிலிருந்து மதியமே வந்துவிட்டார், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். காற்று, வெயில், மணி என்ன என்று எதுவும் சொல்லவில்லை. "நெஞ்சு வலிக்குது" என்றார். அவ்வளவுதான். அவர் வாயிலிருந்து ஒரு விஷயம் நேராக வந்தது என்றதும் எனக்குத் தெரிந்துவிட்டது, மற்றவர்கள் அலறினால் தெரிவது போல. எங்கள் கட்டுப்பாட்டு அறைக்கே போன் போட்டேன், அவரைச் சாய்த்து உட்கார வைத்தேன், கதவைத் திறந்து வைத்தேன், மாத்திரை கொடுத்தேன். செய்ய வேண்டியதில் ஒன்றையும் விடவில்லை, வண்டியும் தாமதமாகவில்லை, ஆஸ்பத்திரியில் டாக்டரும் அதைத்தான் சொன்னார். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தண்ணீர் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டு உனக்குப் போன் செய்தேன். நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது, சொன்ன மாதிரியும் நினைவிருக்கிறது. பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். உட்காரச் சொன்னேன். அப்பா இறந்துவிட்டார் என்று சொன்னேன். அதற்கப்புறம், "நான் சொன்னது புரிஞ்சுதா? திருப்பிச் சொல்லுங்க" என்றேன். பெற்ற பெண்ணிடம் சொல்லுங்க என்று சொன்னேன். நீ திருப்பிச் சொன்னாய், சின்ன வயதில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில் சொன்னாய். சரி என்று நான் போனை வைத்தேன், எங்கள் வழக்கப்படி அவர்கள் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டால் அடுத்த காரியத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

நீ வந்தாய், எல்லாம் முடிந்தது, திரும்பிப் போகிற அன்று செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாய், "அப்பா செத்துட்டார்ங்கறத என் வாயால சொல்ல வெச்சேம்மா. யாரோ ஒரு கேஸ் மாதிரி." நான் உன் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தேன். அதற்கப்புறம் நீ எனக்கு நேராகப் போன் செய்யவில்லை, குழந்தை உண்டான நல்ல செய்தி கூடத் தம்பி வழியாகத்தான் வந்தது. மன்னித்துக்கொள் என்று எழுத உட்காரவில்லை, அது தப்பா சரியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை, வாயில் வந்த குரல் அது ஒன்றுதான். ஆனால் அந்தக் குரலைப் பற்றி எனக்கே தெரியாத ஒரு விஷயம் இப்போது தெரிந்தது, அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது.

எங்கள் அறையில் வானொலி என்று ஒருத்தி இருக்கிறாளே, ஓயாமல் பேசுகிறாளே என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்தவள், நம் வீட்டுக்குக் கூட அடிக்கடி வருவாளே. அன்று நான் செய்த போனை எடுத்தவள் அவள்தான். போன செவ்வாய்க்கிழமை டீ குடிக்கிற மூலையில் இரண்டு பேரும் கோப்பை கழுவிக்கொண்டிருந்தோம், அவளுடைய முட்டி வலி, பஸ்ஸில் எவனோ காலை மிதித்தது, அவள் நாத்தனார் வாங்கிய மிக்ஸி என்று ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் அப்படியே நிறுத்திவிட்டாள். அவள் நிறுத்துவது அபூர்வம், அதனால் திரும்பிப் பார்த்தேன். "அக்கா, கோவிச்சுக்கக் கூடாது. அன்னிக்கு நீங்க எனக்குச் சொன்னது இந்த வீட்டு விலாசம் இல்ல. பழைய வீடு" என்றாள்.

நான் நம்பவில்லை. விலாசத்தில் தப்புப் பண்ணுகிற ஆளா நான். அவள் சொன்னாள், மருந்துக்கடைக்கு எதிர்ச் சந்து, நீலக் கேட், மாடிப்படி வெளிப்பக்கம் என்று அடையாளத்தோடு அப்படியே சொன்னேனாம். நீ பிறந்து தவழ்ந்த வீடு, நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது காலி செய்த வீடு. அக்கா, அது பழைய வீடாச்சே என்று அவள் கேட்டிருக்கிறாள். அதற்கு நான் ஒரு பிசிறும் இல்லாமல், விலாசத்தைத் திருப்பிச் சொல்லுங்க என்றேனாம். அவள் நான் சொன்ன அதே தப்பான விலாசத்தை எனக்குத் திருப்பிச் சொல்லி, நான் சரி என்று சொன்ன பிறகு, வண்டியை நம் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். என்னோடு வாதாடினால் நேரம் போகும், ஒத்துக்கொண்டால் நான் கதவைத் திறக்கப் போவேன் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. வண்டி சரியான வீட்டுக்கு வந்ததால் நான் எதையும் யோசிக்கவில்லை. இவ்வளவு பேசுகிறவள் இதை மட்டும் ஒரு வருஷமாக யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டேன், வேறு எதையாவது பேசிக்கொண்டே இருந்தால் இது வெளியே வராமல் இருக்கும் என்று பார்த்தேன் அக்கா என்றாள்.

அதைக் கேட்டும் எனக்கு அழுகை வரவில்லை. கோப்பையைக் கழுவினேன், கழுவியதையே மறுபடி கழுவினேன் என்று அவள் என் கையிலிருந்து வாங்கி வைத்தாள். எனக்கு எதுவுமே நினைவில்லை என்பதுதான் பயமாக இருக்கிறது. அந்தக் குரல் நிதானமாகத்தான் இருந்திருக்கிறது, அதற்குள்ளே நான் இல்லை. நான் எங்கேயோ அந்த நீலக் கேட் வீட்டில் இருந்திருக்கிறேன். அந்த வீட்டில் உன் அப்பாவுக்கு ஒரு நாள் கூட உடம்புக்கு முடியாமல் போனதில்லை, அங்கே இருந்தால் இதுவும் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேனோ என்னவோ. உனக்குப் போன் செய்ததும் அந்த வீட்டில் போய் நின்ற அந்த அம்மாதான். உன் அம்மா கல்லு மாதிரி நின்றுகொண்டு பேசினாள் என்று நீ நினைத்தாய், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாம் இரண்டு பேரும் நினைத்தது தப்பு. இதைச் சொன்னால் உன் கோபம் குறையும் என்று எழுதவில்லை, கோபப்படுவது என்றால் சரியான ஆள் மேல் கோபப்படு என்றுதான் எழுதுகிறேன்.

இனி கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். உன் அப்பாவிடம் எதையும் இரண்டு தடவை கேட்டேன், உன்னிடம் ஒரு தடவைதான் கேட்டேன், அதையும் நேரில் கேட்காமல் உன் தம்பியின் டூல்ஸ் பெட்டி வழியாகக் கேட்டேன். அவன் போய்க் கேட்டால் அது ஜோக்காகத்தான் வந்திருக்கும், நீயும் அதற்கு ஏற்ற பதில் சொல்லியிருப்பாய். அதனால் இரண்டாம் முறை நானே கேட்கிறேன், உன் பிரசவத்துக்கு நான் வரட்டுமா? வந்தால் திடமாக இருப்பேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், அழுவேன் என்றும் வாக்குக் கொடுக்க மாட்டேன், எது வரும் என்று எனக்கே தெரியாது. துணி மடிப்பேன், குழந்தையைக் குளிப்பாட்டுவேன், நீ தூங்கும்போது போனை எடுத்து யார் கூப்பிட்டாலும் தூங்குகிறாள் என்று சொல்வேன். லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன், நீ இந்தத் தடவையும் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான், லீவைத் திருப்பி வாங்கிக்கொண்டு பேசாமல் வேலைக்குப் போவேன், உன் மேல் ஒரு வருத்தமும் வைத்துக்கொள்ள மாட்டேன். மூன்றாவது தடவை கேட்கிற பழக்கம் நம் வீட்டில் கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கொள். இரும்புச் சத்து மாத்திரையை டீ குடித்த கையோடு போடாதே, நடுவில் கொஞ்சம் இடைவெளி விடு. குளியலறையில் கால் வழுக்காமல் இருக்கத் தரையில் ரப்பர் விரிப்பு போடச் சொல், மாப்பிள்ளை மறந்தால் மறுபடி சொல், அவர் சொன்னால் செய்கிறவர், சொல்லாமல் தெரிந்துகொள்கிறவர் இல்லை, அது அவர் குற்றமும் இல்லை. எழுத்து மங்கலாகத் தெரிந்தால் உடனே புதுக் கண்ணாடிக்கு ஓடாதே, மாசமாக இருக்கும்போது கண்ணும் கொஞ்சம் மாறும், பிள்ளை பிறந்து சில மாதம் கழித்து வாங்க, அப்ப எது தெளிவா இருக்குன்னு பார்ப்போம் என்று அப்பா கடைக்கு வருகிற பெண்களிடம் சொல்வார். அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் அவர் நேராகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான் போலிருக்கிறது. நீயும் உன் பிள்ளையும் சுகப்பட்டு, பெரிதாய்ச் சிரித்து, நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம்.

ஒன்றை மட்டும் மறக்காதே. பதிலை எழுத வேண்டாம், எனக்கே போன் செய். பேச வரவில்லை என்றாலும் செய். எங்களுக்குச் சில சமயம் அப்படி வரும், யாரோ கூப்பிடுவார்கள், வார்த்தை வராது, மூச்சு மட்டும் கேட்கும். அப்படிப்பட்ட அழைப்பை நாங்கள் வெட்டுவது கிடையாது. ஆமாம் என்றால் போனை விரலால் ஒரு தட்டு தட்டுங்கள் என்று சொல்லிவிட்டுக் காத்திருப்போம். நான் வர வேண்டும் என்றால் ஒரு தட்டு தட்டு. வேண்டாம் என்றால் எதுவும் செய்யாதே, நான் புரிந்துகொள்வேன், அப்போதும் நானாகப் போனை வைக்க மாட்டேன், நீ வைக்கிற வரைக்கும் லைனில் இருப்பேன்.

உன் அம்மா